ஆலையோடு நிறுத்தாதீர்கள், வீட்டு வரிசைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்
கரோலினா தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சார்லட், கேஸ்டோனியா, கிரீன்வில், டர்ஹம் வட்டாரங்களில் இருக்கும் பழைய பஞ்சாலைகள் பல இன்று அடுக்குமாடி வீடுகளாகவும் உணவுக்கூடங்களாகவும் விழா அரங்குகளாகவும் மாறிவிட்டன. நம் குடும்பங்களும் அங்கே போகின்றன. செங்கல் சுவருக்கு முன்னால் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். "இது என்ன இடம்?" என்று பிள்ளை கேட்டால் "பழைய ஃபேக்டரி" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். கோவையிலும் மதுரையிலும் ராஜபாளையத்திலும் மில் சங்குக்கு எழுந்து ஓடியவர்களின் பேரன் பேத்திகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. நூற்பும் நெசவும் தெரிந்தவர்கள் என்ற முறையில்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். சுற்றுலாவை ஆலைக் கட்டடத்தோடு முடிக்காதீர்கள். அதிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்ன மரவீடுகள் வரிசையாக நிற்கும். அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீடுகளைக் கட்டியதும் வாடகை வாங்கியதும் ஆலை. வேலை கொடுத்த கைதான் கூரையும் கொடுத்தது. இதைப் பிடித்துக்கொண்டால் அந்த ஊர்களில் நடந்த மற்றதெல்லாம் தானாக விளங்கும். இதை விட்டுவிட்டால் எதுவும் விளங்காது.

முதலில் இடம். வடக்கே நியூ ஜெர்சியில் தொடங்கி, வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள் வழியாக ஜார்ஜியா, அலபாமா வரை நீளும் மேட்டு நிலத்துக்குப் பீட்மாண்ட் என்று பெயர். மலையிலிருந்து வரும் ஆறுகள் இங்கே பாறைகளில் இறங்கி ஓடும். அந்த இறக்கத்தில் தண்ணீர்ச் சக்கரம் வைத்தார்கள். தென் கரோலினாவில் வில்லியம் கிரெக் 1845இல் கிரானைட்வில் ஆலையைத் தொடங்கும்போதே தொழிலாளர் வீடுகளையும் சேர்த்துத்தான் திட்டமிட்டார். 1880க்குப் பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. 1920களின் நடுவில் ஓடும் நூற்புக் கதிர்களின் எண்ணிக்கையில் தென் மாநிலங்கள் வடகிழக்கிலிருந்த நியூ இங்கிலாந்தை முந்திவிட்டன. அருவிப் பக்கம் ஊர் இருக்கவில்லை, ஆள் வர வேண்டுமானால் ஆலைதான் வீடு கட்ட வேண்டியிருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த விக்கிரமசிங்கபுரத்தையோ மதுரை ஹார்விபட்டியையோ அறிந்த பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிர் செய்த ஏழை வெள்ளையர்கள். பருத்தி விலை விழ விழ, கடைக்காரரிடம் கடன் ஏறிக்கொண்டே போனது. ஆலையிலோ சம்பளம் காசாகக் கையில் வந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். யாரும் கட்டி இழுத்து வரவில்லை. பட்டினிக்கும் ஆலைக்கும் நடுவில் ஆலையைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அவர்கள். வந்த இடத்தில் அக்கம்பக்கத்து உறவும், கொல்லையில் காய்கறித் தோட்டமும், சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டமும் இருந்தன. கிரீன்வில்லின் பிராண்டன் ஆலை அணியில் ஆடி வளர்ந்த ஜோ ஜாக்சன் நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். சிறு வயதிலேயே ஆலைக்குப் போனதால் எழுதப் படிக்க மட்டும் அவர் கற்கவே இல்லை.

இனி வீட்டைப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு அறை, முன்பக்கம் ஒரு திண்ணை, நடுவில் புகைபோக்கி. பல வீடுகளில் அந்த ஒரே புகைபோக்கிதான் இரண்டு அறைக்குக் கணப்பு. பிள்ளைகளைக் குனிந்து அடித்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுச்சுவர் எழுப்பாமல் செங்கல் தூண்கள் மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். செலவும் குறைவு, ஈரமும் ஏறாது. ஆனால் குளிர்காலத்தில் பலகை இடுக்கு வழியே காற்று காலைத் தொடும். இன்று தூண்களுக்கு நடுவில் செங்கல் வைத்து அடைத்திருந்தால் நிறமும் பூச்சும் வேறாக இருப்பதிலிருந்து அது பிற்கால வேலை என்று தெரிந்துகொள்ளலாம். குழாய் வெளியில், பல வீட்டுக்கு ஒன்று. கழிப்பிடம் கொல்லைக் கோடியில். மின்சாரம் வந்த பிறகு அறைக்கு ஒரு பல்பு, கூரையிலிருந்து தொங்கும். அந்த மின்சாரமும் ஆலையிலிருந்துதான் வந்தது. அப்படியே தெருவின் மேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தில் பெரிய வீடு ஒன்று இருந்தால் அது மேலாளர் வீடாக இருக்கும்.

வாடகைக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பல ஊர்களில் அறைக்கு வாரம் 25 சென்ட் என்பது வழக்கம். நான்கு அறை வீட்டுக்கு 1 டாலர். மலிவுதான். ஆனால் அந்த மலிவோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அறைக்கு ஓர் ஆள் வீதம் ஆலைக்கு வேலைக்கு வர வேண்டும் என்று பல நிர்வாகங்கள் எதிர்பார்த்தன. நான்கு அறையில் குடியிருந்தால் நான்கு பேர். அப்பா, அம்மா, மூத்த பையன் போக இன்னும் ஒருவர் வேண்டும். அந்த நான்காவது ஆள் யாராக இருந்திருப்பார் என்று கேளுங்கள். வகுப்பிலிருக்கும் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள்.

வாடகை, விறகு, நிலக்கரி, ஆலைக் கடைப் பற்று எல்லாம் போக மிச்சம்தான் சம்பளக் கவரில் வரும். தேவாலயத்துக்குப் பண உதவி, சில ஊர்களில் பள்ளி ஆசிரியர் சம்பளம், ஊர்க்காவலருக்குக் கூலி, இவையும் ஆலைக் கணக்கில்தான். வேலை போனால் வீடும் போகும். மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேச நினைக்கும் ஒருவர் தன் வேலையோடு அம்மாவின் அடுப்படியையும் பணயம் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

அடுத்து ஆலைக்குள். நம் ஊர் மில் சொற்களே இங்கே போதும், பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிவிடலாம். சுமார் 500 பவுண்டு எடையுள்ள பருத்திப் பேல் (பொதி) பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டும் புளோ ரூமில் உடையும். கார்டிங்கில் கம்பிப் பற்கள் பஞ்சைச் சிக்கெடுத்துக் கயிறு போன்ற ஸ்லைவராக விடும். டிராயிங்கில் ஆறு, எட்டு ஸ்லைவரைச் சேர்த்து இழுத்துச் சமன் செய்வார்கள். பிறகு மெல்லிய ரோவிங், அதற்குப் பிறகு ரிங் ஃபிரேமில் நூல். நெசவுக்குப் போகும் நூலில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, விழுதிலும் அச்சிலும் இழை இழையாகக் கோத்துத் தறியில் ஏற்றுவார்கள். இந்த வரிசை இங்கேயும் கோவையிலும் ஒன்றுதான்.

ரிங் ஃபிரேமில் நின்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களும் சிறுமிகளும் நின்ற இடம் அது. கதிர் நிமிடத்துக்கு 8,000 முதல் 10,000 சுற்று சுற்றும். நூல் அறுந்தால் நூல் சுற்றும் பாபினைக் கையால் நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையத்தில் கோத்து, முன் ரோலரிலிருந்து வரும் பஞ்சோடு பிணைக்க வேண்டும். பழகிய கைக்குச் சில நொடிதான். தாமதித்தால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், பக்கத்து இழைகளையும் இழுத்து அறுக்கும். அதை வெட்டி எடுக்கப் போன விரல்தான் அடிபடும். பையன்களுக்கு டாஃபர் வேலை. நிறைந்த பாபினை உருவி, காலி பாபினை மாட்டுவது. இரண்டு டாஃபுக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும், அந்த நேரம் முற்றத்தில் விளையாடுவார்கள். அந்த ஓய்வைக் காட்டித்தான் "இது பிள்ளைகளுக்கு ஏற்ற லேசான வேலை" என்று முதலாளிகள் வாதாடினார்கள். பத்து, பதினொரு மணி நேரம் அந்தச் சத்தத்திலும் தூசியிலும் இருப்பது அந்த வாதத்தில் சேரவில்லை.

புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 டிசம்பரில் வட கரோலினாவின் விட்னெல் ஆலையில் ஒரு சிறுமியைப் படம் எடுத்து, கீழே குறிப்பும் எழுதி வைத்தார். உயரம் 51 அங்குலம். ஆலையில் சேர்ந்து ஒரு வருடம். சில நாள் இரவு வேலையும் உண்டு. பார்ப்பது 4 சைடு (ரிங் ஃபிரேமின் ஒரு பக்கக் கதிர் வரிசை ஒரு சைடு), கூலி நாளுக்கு 48 சென்ட். நம் ஊர் ஸ்பின்னிங்கில் "எத்தனை சைடு பார்க்கிறே?" என்று கேட்போமே, அதே கணக்குத்தான் அங்கே ஒரு குழந்தையின் பெயருக்குப் பதிலாக எழுதியிருக்கிறது.

இதைப் பள்ளி வளாகத்திலேயே செய்து காட்டலாம். சுவரில் 51 அங்குல உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை அங்கே வந்து நிற்கும். பிறகு தரையில் சாக்பீஸால் நான்கு கோடு, ஒவ்வொன்றும் 24 அடி. சைடுக்கு 104 கதிர், கதிருக்குக் கதிர் 2¾ அங்குலம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இரண்டிரண்டு கோடாக எதிரெதிரே போட்டு, நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விடுங்கள். 416 கதிர் ஒரு பிள்ளையின் பொறுப்பில். பெரியவர் ஒருவர் நின்று அங்கே அறுந்தது, இங்கே அறுந்தது என்று கைகாட்டட்டும். பிள்ளை ஓடிப் போய் இரண்டு துண்டுக் கயிற்றை முறுக்கிப் பிணைக்கட்டும். பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சட்டம் என்ன செய்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வட கரோலினாவில் 1903இல் வந்த சட்டம் 12 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, 18க்குக் கீழ் வாரம் 66 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றும் விட்டது. வயதுக்குப் பெற்றோர் வாய்ச்சொல்லே சாட்சி, போய்ப் பார்க்க ஆளும் கிடையாது. 1916இல் வந்த கூட்டரசுச் சட்டத்தை எதிர்த்து, சார்லட் ஆலை ஒன்றில் தன் மகன்களோடு வேலை பார்த்த தகப்பனின் பெயரால் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1918இல் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. நிலைத்து நின்ற தடை 1938 சட்டத்தோடுதான் வந்தது.

கட்டடத்தின் சன்னல்களைக் கவனியுங்கள். பெரிய பெரிய சன்னல்கள், பல இடங்களில் பிற்காலத்தில் செங்கல் வைத்து அடைக்கப்பட்டவை. நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று உலர்ந்தால் இழையில் நிலைமின் ஏறும், பிசிறு எழும்பும், அறுபடும். நூற்புக்கு 55 முதல் 65 விழுக்காடு ஈரப்பதம், நெசவுக்கு அதற்கும் மேலே. அதனால் கோடையிலும் சன்னலைத் திறக்க விட மாட்டார்கள், மேலேயிருந்து நீர்த்துளியைப் பீய்ச்சுவார்கள். 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906இல் முதலில் சொன்னவர் சார்லட்டின் ஆலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர். இன்று நம் வீட்டில் ஓடும் ஏசிக்கு அந்தப் பெயர் நூல் அறாமல் இருப்பதற்காக வந்தது, ஆள் வியர்க்காமல் இருப்பதற்காக வரவில்லை. சார்லட்டின் நோடா பகுதியில் அவர் வடிவமைத்த ஹைலண்ட் பார்க் 3ஆம் எண் ஆலை இன்றும் நிற்கிறது.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் எந்தச் சுற்றுலாவும் முடியக் கூடாது. தலையிலும் புருவத்திலும் ஒட்டும் வெள்ளைப் பிசிறைப் பார்த்து ஊரார் இவர்களை "பஞ்சுத் தலையர்" என்று இகழ்ந்தார்கள். ஆனால் நுரையீரலைத் தின்றது அந்தக் கண்ணுக்குத் தெரியும் பிசிறு அல்ல. பருத்திக் காயோடு சேர்ந்து வரும் காய்ந்த இலைத்தூள், அதிலிருக்கும் நுண்ணுயிரி நஞ்சு, 15 மைக்ரானுக்கும் சிறிய துகள், இவைதான். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இது மிக அதிகம். நோயின் அடையாளம் விசித்திரமானது. ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை ஷிப்ட் ஏறியதும் நெஞ்சு இறுகும், செவ்வாய் தணியும். சில வருடம் போனால் வாரம் முழுக்க இறுகும். அதற்கும் பிறகு வேலையை விட்டாலும் மூச்சு திரும்பாது. திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி மூச்சை அளந்தால் குறைவது எண்ணிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 1940களிலேயே இதற்கு இழப்பீடு கொடுத்தார்கள். அமெரிக்கத் தொழில்துறையோ இங்கே அந்த நோயே இல்லை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது. பழுப்பு நுரையீரல் என்று பெயர் பெற்ற அந்த நோயைச் சொல்ல, ஆக்சிஜன் குழாயோடு விசாரணைக் கூடங்களுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். 1975இல் அவர்கள் கரோலினாவில் சங்கம் வைத்தார்கள். 1978இல் வந்த கூட்டரசு விதி, நூல் தயாரிப்பில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராமும், கஞ்சி போடும் இடத்திலும் நெசவிலும் 750 மைக்ரோகிராமும்தான் தூசி இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. ஆலைகள் வழக்காடின. 1981இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. தூசியை இழுக்கும் கருவிகள் வந்தன, கூடவே வேகமான புது இயந்திரங்களும் வந்தன.

இன்னொரு நோய் சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்தது. பன்றிக் கொழுப்பு, சோள மாவு, சர்க்கரைப் பாகு, குளிர்காலம் முழுக்க இவ்வளவுதான். தோல் உரிந்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெல்லாக்ரா ஆலைக் கிராமங்களைப் பிடித்தது. தொற்று நோய் என்றுதான் பலரும் நம்பினார்கள். மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரும் அவர் குழுவும் 1916இல் தென் கரோலினாவின் ஏழு ஆலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், என்ன வாங்கித் தின்கிறார்கள் என்று எழுதி எடுத்தார்கள். வருமானம் குறைந்த வீட்டில் நோய் அதிகம். பாலும் இறைச்சியும் காய்கறியும் விற்க உழவர்கள் வரும் ஊரில் நோய் குறைவு. சுற்றிலும் பருத்தியே விதைத்திருந்த ஊரில் காசு இருந்தாலும் வாங்க ஒன்றும் இல்லை. உணவில் இல்லாத சத்து நியாசின் என்று 1937இல் தெரிந்தது. கொல்லையில் பசு வைத்திருந்த குடும்பம் தப்பித்ததன் காரணமும் இதுதான். வீட்டு வரிசையைச் சுற்றிப் பார்க்கும்போது கொல்லையின் அளவையும் பாருங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

ஒரு கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும், பிள்ளைகளுக்குத் தோன்றாமல் போகலாம். பழைய படங்களில் கறுப்பினத்தவர் ஏன் அநேகமாக இல்லை? அவர்களுக்குப் பேல் தூக்குவதும் உடைப்பதும் கொதிகலனும் முற்றம் கூட்டுவதும் மட்டும்தான் விட்டிருந்தார்கள். தென் கரோலினா 1915இல் சட்டமே போட்டது. ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்யக் கூடாது, வாசலும் படிக்கட்டும் சம்பளச் சாளரமும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறு வேறு. தனிக் குவளை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இருந்ததுதான். கூசாமல் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளைத் தொழிலாளி வறுமையில் இருந்தபோதும் "உனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான்" என்ற நினைப்பு அவரை ஆலையோடு கட்டிப்போட்டது. ரிங் ஃபிரேமும் தறியும் கறுப்பினத்தவருக்குத் திறந்தது 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான்.

கேஸ்டோனியாவுக்குப் போகும் பள்ளிகள் லோரே ஆலை முன்னால் நின்று 1929ஐச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 1இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆலை செய்ததைப் பாருங்கள். வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களை வீட்டைக் காலி செய்ய வைத்தது, கட்டிலும் அடுப்பும் தெருவுக்கு வந்தன. அவர்கள் கூடாரம் போட்டார்கள். ஜூன் 7 இரவு அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டையில் காவல் தலைவர் ஆடர்ஹோல்ட் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். செப்டம்பர் 14இல், கூட்டத்துக்குப் போன வண்டியை மறித்துச் சுட்டதில் எல்லா மே விக்கின்ஸ் என்ற பெண் இறந்தார். நூற்பாலைத் தொழிலாளி, தாய், தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். அவர் ஆலை வீட்டில் இருக்கவில்லை, கறுப்பினத்தவர் தெருவில் குடியிருந்தார், அவர்களையும் சங்கத்தில் சேர்த்தார். வீடு ஆலையுடையதாக இல்லாத ஒருவருக்குத்தான் அது சாத்தியமானது என்பது எங்கள் எண்ணம்.

வேலைப்பளு என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. நார்த்ராப் தானியங்கித் தறி 1890களில் வந்தது. நாடாவில் தார் (குறுக்கு நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் தறியே புதுத் தாரை அடித்துப் போட்டுக்கொள்ளும். பாவு இழை அறுந்தால் தானே நிற்கும். ஆக, நெசவாளர் அறுந்ததைக் கட்டினால் போதும், கூடுதல் தறி பார்க்கலாமே என்று நிறுத்துக் கடிகாரத்தோடு ஆள் வந்தார். கடிகாரம் பார்க்காதது ஒன்று உண்டு. தறியில் இழை அறுவது தறியால் மட்டும் இல்லை. மட்டமான பஞ்சு வாங்கினால் அறும். கார்டிங்கில் அவசரப்பட்டால் அறும். கஞ்சி குறைந்தால் இழை உராய்ந்து அறும், கூடினால் விறைத்து உடையும். முன்னால் மூன்று பகுதியில் மிச்சம் பிடித்ததன் விலையைக் கடைசியில் நெசவாளரின் கால்கள் கொடுத்தன. துணியில் குறை வந்தால் கூலியிலும் பிடிப்பார்கள். இந்தச் சங்கிலியைத் தொழில் தெரிந்த பெற்றோர் யாராவது ஒரு பாவு நூலையும் கிண்ணத்துக் கஞ்சியையும் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

1933 ஜூலையில் அரசு வகுத்த பருத்தித் தொழில் விதி வாரம் 40 மணி நேரம் என்றது, தெற்கில் குறைந்தபட்சக் கூலி 12 டாலர் என்றது, 16 வயதுக்குக் கீழ் கூடாது என்றது. பெரிய வெற்றி. ஆனால் கூட்டுவோர், முற்றத்தில் வேலை செய்வோர் அந்தக் கூலியில் சேரவில்லை, அதாவது கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் விடுபட்டார்கள். 55, 60 மணி நேரத்தில் எடுத்த உற்பத்தியை 40 மணி நேரத்திலேயே எடுக்கத் தறிகளைக் கூட்டினார்கள். 1934 செப்டம்பரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். செப்டம்பர் 6 காலை தென் கரோலினாவின் ஹோனியா பாத் ஊரில் சிகோலா ஆலை வாசலில் சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் ஆலையின் மேலாளர்தான் மேயரும். மூன்று வாரத்தில் போராட்டம் முடிந்தது. திரும்பி வந்த பலருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்தச் சாவைப் பற்றி வாய் திறந்து பேசவே பல பத்தாண்டு ஆயிற்று. சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே தெருவில், ஒரே தேவாலயத்தில் இருக்க வேண்டியிருந்தது. நினைவுக் கல் 1995இல்தான் நட்டார்கள்.

1930களில் தொடங்கி 1950கள் வரை ஆலைகள் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றன. கார் வந்துவிட்டது, பராமரிப்புச் செலவு கூடியது, பக்கத்திலேயே ஆள் வைத்திருக்கத் தேவையில்லை. கன்னாபோலிஸ் மட்டும் கடைசிவரை முதலாளியின் ஊராகவே இருந்தது, 1984 வரை அங்கே நகராட்சியே கிடையாது. துண்டும் விரிப்பும் நெய்த அந்த ஆலை 2003 ஜூலை 30இல் மூடியபோது நிறுவனம் முழுவதுமாக 6,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 2005 ஜனவரி 1இல் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு வைத்த, உலகத் துணி வணிகத்தின் கோட்டா முறை முடிந்தது. திருப்பூருக்கு ஆர்டர் கூடியது என்று நம் வீடுகளில் மகிழ்ந்து பேசிய அதே வருடங்கள்தான் அவை. நம்மில் சிலரின் படிப்புச் செலவு அந்த ஆர்டரில் வந்தது. இதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடைமுறைக்குச் சில விவரங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்கும் வட கரோலினாப் பள்ளிகளுக்கு பர்லிங்டன் அருகே ஹா ஆற்றங்கரையிலிருக்கும் கிளென்கோ நல்லது. 1880களின் தொடக்கத்தில் கட்டிய ஆலை, 1954இல் மூடியது, வீடுகளைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள், துணித்தொழில் அருங்காட்சியகமும் உண்டு. சார்லட் பள்ளிகள் நோடாவிலிருந்து தொடங்கி லோரேயில் முடிக்கலாம். தென் கரோலினாவில் கொலம்பியாவின் மாநில அருங்காட்சியகம் இருப்பதே 1894இல் மின்சாரத்தில் ஓடிய ஆலைக் கட்டடத்துக்குள்தான். எங்கே போனாலும் முதலில் வீடுகள், பிறகு ஆலை. வரிசையை மாற்றாதீர்கள். தொழிலாளி வீட்டிலிருந்துதான் காலையில் ஆலைக்கு நடந்தார்.

கிளென்கோவிலும் மற்ற வரிசைகளிலும் வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம், அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். திண்ணையில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரே ஆலையில் வேலை பார்த்தவராக இருக்கலாம். வணக்கம் சொல்லி, "நீங்கள் ஸ்பின்னிங்கா, கார்டிங்கா, வீவிங்கா?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். சொற்கள் அவர்களுக்கும் அவைதான். தறிக்கூடத்தில் இருந்தவர் என்றால் காது மந்தமாக இருக்கும், முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியப் பேச வேண்டும்.

சாக்பீஸ், அளவு நாடா, கயிற்றுத் துண்டு, பாவு நூல், கஞ்சி ஆகியவற்றோடு வந்து முதல் நடையை நடத்திக்கொடுக்க நாங்கள் தயார். அடுத்த பருவத்துக்கான நாட்காட்டி போடும்போது ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், தார்ச்சாலையில் பிள்ளைகளால் நிற்க முடியாது. அக்டோபர் நல்லது. வெயில் தாழ்ந்திருக்கும், சில இடங்களில் வழியிலேயே பருத்தி வெடித்து நிற்பதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நூற்பும் நெசவும் அறிந்த, கரோலினாவில் வாழும் தமிழர் சிலர்